கடலில் கால் பங்கு

"டாக்டர், இது குளுக்கோஸ் இல்ல. கரிக்குது."

சொன்னவள் நாலாம் வகுப்புப் படிப்பவள், தங்கச்சிமடத்துப் பிள்ளை. குடல்வால் வீங்கி, இரண்டு நாளாக வாந்தி எடுத்து, கட்டிலில் சுருண்டு கிடந்தாள். இன்னும் சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை. சிஸ்டர் பாட்டிலைக் கம்பியில் மாட்டினார். குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேற வேண்டும் என்பதற்காக நுனியில் கொஞ்சம் சொட்டவிட்டார். அதில் ஒரு சொட்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. நக்கிப் பார்த்துவிட்டாள்.

நான் மயக்க மருத்துவர். ஆபரேஷன் நேரத்தில் தூங்கவைப்பவர் என்றுதான் எங்களைப் பலரும் அறிவார்கள். அது பாதி வேலை. நோயாளியின் உடம்பில் எவ்வளவு தண்ணீர் குறைந்திருக்கிறது, எவ்வளவு உப்பு போயிருக்கிறது, எதை எப்போது எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பது மறுபாதி. அந்தக் கணக்கை அவளிடம் கொஞ்சம் சொன்னேன். அன்றைக்குச் சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவள் சொன்னது சரி. நம் ஊரில் கம்பியில் தொங்கும் பாட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் குளுக்கோஸ்தான். ஆனால் வார்டில் தொங்குபவற்றில் பல வெறும் உப்புத் தண்ணீர். 'நார்மல் சலைன்' என்று எழுதியிருப்பதில் 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் சமையல் உப்பு இருக்கும், வேறொன்றும் இருக்காது. அவளுக்கு மாட்டியது 'ரிங்கர் லாக்டேட்'. சிஸ்டர்கள் சுருக்கமாக 'ஆர்எல்' என்பார்கள். அதிலும் பெரும்பங்கு உப்புதான்.

"உப்புத் தண்ணிய ஏன் உள்ள விடுறீங்க? கடல் தண்ணியக் குடிச்சா செத்துருவோம்னு எங்கப்பா சொல்லும்" என்றாள். அவள் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். எத்தனை ஐஸ் பெட்டி ஏற்றினாலும் குடிதண்ணீர்க் கேனை ஏற்றாமல் எந்தப் படகும் ராமேஸ்வரத்துக் கரையை விட்டுப் போகாது. அப்பா சொன்னதும் சரி, மகள் கேட்டதும் சரி.

ராமேஸ்வரம் தீவில் வளரும் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் இரண்டு சாதி உண்டு என்பது நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும். ஒன்று கடல். 1 லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. மற்றது நல்ல தண்ணீர். தனுஷ்கோடி மணலில் கையாலேயே ஊற்றுத் தோண்டி மீனவக் குடும்பங்கள் நல்ல தண்ணீர் மொண்டுகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தங்கச்சிமடம் அருகே வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் கடல், அந்தக் கிணற்றில் மட்டும் கரிக்காத தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரை விட எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்து நிற்பதே தீவின் நல்ல தண்ணீருக்குக் காரணம். மெதுவாக மொண்டால் ஊற்று நல்ல தண்ணீர் தரும். அவசரப்பட்டு இறைத்தால் கீழேயிருக்கும் உப்பு மேலேறிவிடும்.

நம் ரத்தத்தில் இருக்கும் நீர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். 1 டம்ளர் கடல் தண்ணீர், அதோடு 3 டம்ளர் நல்ல தண்ணீர். கலந்துவிட்டால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 9 கிராம் உப்பு வந்துவிடுகிறது. கடலில் கால் பங்கு. குடித்துப் பார்க்க வேண்டாம், அதன் கரிப்பு உங்களுக்கு முன்பே தெரியும். அழும்போது கன்னத்தில் வழிந்து உதட்டில் பட்ட கண்ணீரின் கரிப்பு ஏறக்குறைய அதுதான்.

சரி, கால் பங்கு ஏன்? அரைப் பங்கு ஆகாதா, சும்மா நல்ல தண்ணீர் ஆகாதா?

பாம்பனில் கருவாடு போடுகிறவர்களைக் கேட்டால் பாதி பதில் கிடைத்துவிடும். மீனைக் கீறி உப்பை அப்பித் தொட்டியில் அடுக்கிவைத்தால் மறுநாள் காலையில் தொட்டியில் தண்ணீர் நிற்கும். யாரும் ஊற்றவில்லை. மீனின் சதைக்குள்ளிருந்து உப்பு இழுத்த தண்ணீர் அது. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். பாடப் புத்தகத்தில் இதன் பெயர் சவ்வூடு பரவல்.

ரத்தத்தின் சிவப்பணு ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வுப் பை. கடல்நீரில் போட்டால் உள்ளேயிருக்கும் தண்ணீரை இழந்து கருவாடு மாதிரிச் சுருங்கிவிடும். மழைத்தண்ணீரில் போட்டால் நடப்பது அதைவிட மோசம். தண்ணீர் உள்ளே புகுந்து புகுந்து அணு ஊதி வெடித்துவிடும். அதனால்தான் எவ்வளவு சுத்தமான தண்ணீராக இருந்தாலும் வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்றக் கூடாது. லிட்டருக்கு 9 கிராம் என்ற அளவில் மட்டும் உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாகி, அணு தன் வட்ட வடிவத்திலேயே நிற்கிறது. நெதர்லாந்தின் ஹாம்பர்கர் என்ற விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிவப்பணுக்களை வைத்தே இந்த அளவைக் கண்டார்.

வீட்டில் பார்க்க உருளைக்கிழங்கு போதும். ஒரே தடிமனில் மூன்று துண்டு நறுக்குங்கள். ஒன்றை நல்ல தண்ணீரில், ஒன்றைக் கடல் தண்ணீரில், ஒன்றைக் கால் பங்குக் கலவையில் போட்டு மூன்று மணி நேரம் விடுங்கள். கடற்கரையில் இல்லாதவர்கள் 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கடல் செய்துகொள்ளலாம். பிறகு ஒவ்வொரு துண்டையும் எடுத்து வளைத்துப் பாருங்கள். கடல் தண்ணீரில் கிடந்தது துணிபோலத் துவளும். நல்ல தண்ணீரில் கிடந்தது விறைத்து, வளைத்தால் உடையும். மூன்றாவது எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

இந்த உப்புத் தண்ணீர் மனிதர்களின் நரம்புக்குள் முதலில் போனது ஆபரேஷனுக்காக அல்ல, காலராவுக்காக. ராமேஸ்வரம் ரயிலில் வருகிறவர்கள் பாம்பன் பாலத்துக்கு முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றும் முன்னால் இங்கே தங்கவைத்தார்கள். காலரா, அம்மை இருக்கிறதா என்று சோதித்தார்கள். அந்தக் கேம்ப்தான் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவு பயம் காலராவுக்கு. காலரா வந்தவர் வயிற்றுப்போக்கிலேயே உடம்பின் தண்ணீரை எல்லாம் இழந்து, ஒரே நாளில் கண் உள்ளே போய், தோல் சுருங்கி இறந்துபோவார்.

1831இல் காலரா இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓ'ஷானஸி என்ற இளம் மருத்துவர், வயது இருபதைச் சற்றுத் தாண்டியவர், நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து அதில் தண்ணீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டார். போனதைத் திருப்பித் தரலாமே என்று எழுதினார். அதைப் படித்த ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா, 1832இல் லீத் என்ற துறைமுக ஊரில் சாகும் நிலையில் இருந்த ஒரு மூதாட்டியின் நரம்பில் உப்பு கரைத்த தண்ணீரைச் செலுத்தினார். மங்கியிருந்த கண்ணில் ஒளி வந்தது. நாடி திரும்பியது. எல்லாரும் வியந்து நின்றார்கள். லாட்டா ஓய்வெடுக்கப் போனார். ஆனால் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஏற்றியது அத்தனையும் போய்விட, சில மணி நேரத்தில் அந்த அம்மா இறந்துபோனார். ஒரு முறை ஊற்றினால் போதாது, போய்க்கொண்டே இருக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது அன்று அந்த மூதாட்டி கொடுத்த விலைக்குக் கிடைத்த அறிவு. அடுத்தடுத்த நோயாளிகளில் சிலரை லாட்டா காப்பாற்றினார். மறு ஆண்டே அவரும் இறந்துவிட்டார்.

ஓ'ஷானஸி பிறகு கல்கத்தாவுக்கு வந்தார். மருத்துவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். 1850களில் இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவரும் அவரேதான்.

அவள் பாட்டிலில் எழுதியிருந்த ரிங்கர் யார் என்பதையும் சொல்லவேண்டும். சிட்னி ரிங்கர் லண்டனில் 1880களில் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புத் தண்ணீரில் துடிக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, அவருடைய உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தார் என்று. காய்ச்சி வடித்த நீரில் மறுபடி செய்தால் இதயம் சோர்ந்து நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் என்ன இருக்கிறது? கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் இருக்கும் கால்சியம். இதயம் துடிக்கச் சோடியத்தோடு கால்சியமும் பொட்டாசியமும் வேண்டும் என்று அப்படித்தான் உலகம் கற்றது. 1930களில் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ரிங்கரின் அந்தக் கலவையில் லாக்டேட்டைச் சேர்த்தார். ஒரு உதவியாளரின் அந்தத் தவறு இல்லாவிட்டால் எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்குமோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இப்போது கட்டிலுக்கு வருவோம். அவள் எடை 25 கிலோ. வாந்தியில் தண்ணீர் போயிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் சாப்பாட்டை 6 மணி நேரமும் தண்ணீரை 2 மணி நேரமும் நிறுத்தச் சொல்கிறோம், ஏனென்றால் மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. இவளுக்கோ விழுங்கியது எதுவுமே தங்கவில்லை. நாக்கு காய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. அவள் விரல் நகத்தை அழுத்திவிட்டு விட்டேன். வெளுத்த நகம் 2 வினாடிக்குள் சிவக்கவேண்டும். அவளுக்கு அதைவிட நேரமானது. உங்கள் நகத்தில் அழுத்திப் பாருங்கள்.

கையில் நீல மூடி போட்ட சின்ன ஊசி போட்டிருந்தோம். பயப்படுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: உள்ளே ஊசி இருக்காது. குத்தும்போது மட்டும்தான் ஊசி, உடனே அதை உருவிவிடுவோம். உள்ளே தங்குவது வளைகிற பிளாஸ்டிக் குழல். அதன் அகலம் ரொம்ப முக்கியம். குழலின் அகலம் இரண்டு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்கு ஓடாது, கணக்குப்படி 16 மடங்கு ஓடும். அதனால்தான் ரத்தம் நிறையப் போகக்கூடிய ஆபரேஷன் என்றால் நாங்கள் பெரிய ஊசியைத் தேடுவோம்.

முதலில் 250 மி.லி. கொஞ்சம் வேகமாக ஏற்றினோம், இழந்ததை ஈடுகட்ட. அதற்குப் பிறகு நிதானம். சும்மா படுத்திருந்தாலும் மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் தண்ணீர் போகும் அல்லவா? அதற்கு ஒரு கணக்கு உண்டு. 1957இல் ஹாலிடே, சீகர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வகுத்தது. எடையில் முதல் 10 கிலோவுக்கு, கிலோவுக்கு மணிக்கு 4 மி.லி. அடுத்த 10 கிலோவுக்கு 2 மி.லி. அதற்கு மேல் 1 மி.லி. இவளுக்கு 40, 20, 5. ஆக மணிக்கு 65 மி.லி.

"அத எப்படி அளப்பீங்க?" என்றாள்.

சொட்டால். குழந்தைகளுக்கான குழாயில் 60 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. ஒரு மணியில் 60 நிமிடம். இரண்டு 60ம் அடிபட்டுப் போக, மணிக்கு 65 மி.லி. வேண்டுமானால் நிமிடத்துக்கு 65 சொட்டு. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். வலியை மறந்து உதடு அசைய எண்ணினாள். "அறுபத்தொண்ணு" என்றாள். சிஸ்டர் உருளையைச் சற்றே திருகினார். கையைத் தலைக்கு மேல் தூக்கினாள், சொட்டு மெதுவானது. இறக்கினாள், வேகமானது. பாட்டில் கையைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகம் என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

உள்ளே ஆபரேஷன் நடக்கும்போது நான் பார்த்துக்கொண்டிருப்பது நாடி, ரத்த அழுத்தம், பஞ்சில் எவ்வளவு ரத்தம் ஊறியிருக்கிறது என்பது. 25 கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தம் 2 லிட்டருக்கும் குறைவு. ஒரு டம்ளர் ரத்தம் பெரியவருக்குப் பெரிய இழப்பில்லை, இவளுக்கோ பத்தில் ஒரு பங்கு. ரத்தம் போனால் அந்த அளவுக்கு மட்டும் உப்புத் தண்ணீர் ஏற்றினால் போதாது. ரத்தக் குழாய்ச் சுவர் இறுக்கமான சிமெண்டுத் தொட்டி இல்லை, மணலில் வெட்டிய வாய்க்கால் மாதிரி. ஏற்றிய உப்புத் தண்ணீரில் ஏறக்குறைய கால் பங்குதான் குழாய்க்குள் நிற்கும். மீதி சுவர் வழியே கசிந்து, அணுக்களுக்கு இடையில் இருக்கும் சதையில் ஊறும்.

அப்படியானால் நிறைய ஏற்றிவிடலாமே? நெடுங்காலம் மருத்துவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். பெரிய ஆபரேஷன்களில் லிட்டர் லிட்டராக ஏற்றினார்கள். ஊறிய தண்ணீர் கண் இமையை வீங்கவைத்தது, நுரையீரலில் தேங்கி மூச்சை அடைத்தது, குடலைக் கனக்கவைத்தது. 2003இல் டென்மார்க்கில் குடல் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்களைப் பார்த்தார்கள். குறைத்து ஏற்றியவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. உடனே உலகமெங்கும் கையை இறுக்கிக்கொண்டார்கள். 2018இல் 7 நாடுகளில் சுமார் 3000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு அதையும் திருத்தியது. தாராளமாகப் பெற்றவர்களில் 100க்கு 5 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. மிகவும் இறுக்கிப் பிடித்து ஏற்றப்பட்டவர்களில் அது 100க்கு ஏறக்குறைய 9. நான் படித்த காலத்துப் பாடம் என் கண் முன்னாலேயே இரண்டு முறை மாறியதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பாட்டிலைத் திறந்துவிட்டு நகர எனக்கு மனம் வராது. சொட்டு எண்ணும் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வார்டுக்கு வந்ததும் அவள் அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, பிள்ள தொவண்டு கெடக்கு. தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திவிடும்மா."

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காத நாளே இல்லை. அப்பத்தாவிடம் கணக்குச் சொன்னேன். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கும். சுமார் 2 இட்லியின் தெம்பு. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு ஆபத்தும் உண்டு. கரைக்கு எப்போது திரும்புவோம் என்று தெரியாத படகில் என்ன செய்வார்கள்? தண்ணீர்க் கேனை இறுக மூடிவைப்பார்கள். அறுபட்ட உடம்பும் அப்படித்தான். மூளை ஒரு ஹார்மோனை அனுப்பி, சிறுநீரை விடாதே, தண்ணீரைப் பிடித்துவை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். அந்த நேரத்தில் உப்பில்லாத சர்க்கரைத் தண்ணீரை ஏற்றினால் சர்க்கரையை உடம்பு எரித்துவிடும், வெறும் தண்ணீர் மிஞ்சும். ரத்தத்தின் உப்பு நீர்த்துப்போகும். அப்போது தண்ணீர் அணுக்களுக்குள் புகும், முக்கியமாக மூளையின் அணுக்களுக்குள். மண்டையோடு இறுகிய பெட்டி, வீங்க இடமில்லை. இப்படிப் பிள்ளைகள் பாதிக்கப்பட்ட பிறகுதான், 1957 கணக்கின் அளவை வைத்துக்கொண்டு, ரத்தத்துக்கு இணையான உப்புள்ள நீரையே தரவேண்டும் என்று மருத்துவ உலகம் மாற்றிக்கொண்டது. வேண்டுமானால் அதிலேயே கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக்கொள்ளலாம்.

அன்று இரவு அவள் சிறுநீர் போனாள். சிஸ்டர் அளந்து எழுதினார். 25 கிலோ பிள்ளைக்கு மணிக்கு ஏறக்குறைய 25 மி.லி. வந்தால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். உள்ளே போதுமான தண்ணீர் இருக்கிறது என்று சிறுநீரகம் போடும் கையெழுத்து அது.

மறுநாள் காலையில் சிஸ்டர் கேட்ட கேள்விக்கு வார்டே சிரித்தது. "காத்துப் பிரிஞ்சுதா பாப்பா?" அவள் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டாள். கேலிக் கேள்வி இல்லை அது. மயக்கத்திலும் ஆபரேஷனிலும் தூங்கிப்போன குடல் விழித்துவிட்டது என்பதற்கு அதுதான் சத்தமான சாட்சி. குடல் விழித்தால் வாயால் குடிக்கலாம், குடிக்க முடிந்தால் நரம்பில் ஏற்றவே வேண்டாம். தேவையான உப்பையும் தண்ணீரையும் குடலே எடுத்துக்கொள்ளும். 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவியது. போன்காவ் என்ற ஊரில் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தபோது, திலீப் மகலானபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரை டிரம்களில் வைத்துக் குடிக்கவைத்தே ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்கவைத்தார். குடல் அவ்வளவு நம்பத்தக்க உறுப்பு.

பாட்டிலை நிறுத்தச் சொன்னேன். அப்பத்தா பையிலிருந்து இளநீரை எடுத்தார், தங்கச்சிமடத்துத் தோப்பில் வெட்டியது. முதலில் ஒரு வாய், பொறுத்து இன்னொரு வாய் என்று அனுமதித்தேன். இளநீரையே நரம்பில் ஏற்றியிருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். 1942இல் கியூபாவின் ஹவானாவில் குழந்தைகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். சாலமன் தீவுகளில் மருத்துவமனையில் வேறு வழியில்லாமல் ஒருவருக்கு ஏற்றியதை 2000ஆம் ஆண்டில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இளநீரில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். ரத்தத்துக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. பொட்டாசியம் ரத்தத்தில் வேகமாக ஏறினால் இதயத்தின் துடிப்பே தடுமாறிவிடும். வாய் வழியாகப் போனால் குடல் மெதுவாக எடுத்துக்கொள்ளும், மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளும்.

அவள் பாதிதான் கேட்டாள். நாக்கில் இளநீரை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"டாக்டர், இதுவும் லேசாக் கரிக்குது."

கரிக்கத்தான் செய்யும். அந்தத் தென்னை நிற்பது கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில்.